தலை தீபாவளி ஓகே... அடுத்த தீபாவளி யார் வீட்ல?

2023 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நாலரை மணி. திருநெல்வேலியில் எங்க வீட்டு ஹாலில் அம்மா வழக்கம்போல ரெண்டு பலகையைப் போட்டாங்க. ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு அக்காவுக்கு. போட்ட பிறகுதான் ஞாபகம் வந்திருக்கு, அக்கா இங்கே இல்லை. குடியாத்தத்தில் அத்தான் வீட்டில் இருக்கா. அம்மா எதுவும் சொல்லாம ஒரு பலகையை எடுத்துச் சுவரில் சாய்ச்சு வச்சுட்டாங்க.

அதுக்கு முந்தின வருஷம் இதே ஹாலில்தான் அக்காவுக்கும் அத்தானுக்கும் தலை தீபாவளி. சித்தி, பெரியம்மா, மாமா என்று வீடு நிறைய ஆள். அப்பா ரெண்டு கிலோ மட்டன் வாங்கினார். அடுத்த வருஷம் அது முக்கால் கிலோ ஆகிவிட்டது. அதுவும் மிச்சம்.

தலை தீபாவளியை எங்கே கொண்டாடுவது என்று யாரும் யோசிப்பதே இல்லை. பெண் வீட்டில்தான். குழப்பம் வருவது ரெண்டாவது தீபாவளிக்கு. சொல்லப்போனால் குழப்பம்கூட வருவதில்லை. யாரும் உட்கார்ந்து பேசாமலே அது முடிவாகிவிடுகிறது. எப்படி? ஏன் மாற்றுவது இவ்வளவு கஷ்டம்? பார்க்கலாம்.

முதல்ல, தலை தீபாவளின்னா என்ன?

இங்கே ‘தலை’ என்றால் முதல். முதல் பிள்ளையைத் தலைப்பிள்ளை, தலைச்சன் என்று சொல்வது போலத்தான் இதுவும். கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் தீபாவளி.

பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய் அழைப்பார்கள். தம்பதி முந்தின நாளே வந்துவிட வேண்டும். மறுநாள் விடியும் முன் இருவரையும் பலகையில் உட்கார வைத்து, வீட்டில் மூத்த பெண்கள் தலையில் நல்லெண்ணெய் வைப்பார்கள். வெந்நீர், சீயக்காய்க் குளியல், ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத்துணி, ஒரு உருண்டை லேகியம், பட்டாசு, பலகாரம். மாப்பிள்ளைக்கு மோதிரமோ செயினோ வாட்ச்சோ, அவரவர் வசதிப்படி.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. நாம யாரை அழைப்போம்? விருந்தாளியைத்தான். வீட்டு ஆளை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதில்லை. 25 வருஷம் அதே ஹாலில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பெண்ணைத் தலை தீபாவளிக்கு ‘அழைக்கிறார்கள்’ என்றால், இனி அவள் இந்த வீட்டுக்கு விருந்தாளி என்று அர்த்தம். அடுத்த வருஷத்துக்கு அழைப்பு கிடையாது. அழைப்பு இல்லை என்றால் அவள் புருஷன் வீட்டில்தான் இருப்பாள். எழுதாத விதி இதுதான்.

பாதி நாள் இங்க, பாதி நாள் அங்க... முடியாதா?

ஒரே ஊரில் ரெண்டு வீடும் இருந்தால் ஓரளவு முடியும். மற்றவர்களுக்குக் கஷ்டம். காரணம், நம்ம தீபாவளி நடக்கும் நேரம்.

வட மாநிலங்களில் தீபாவளியின் முக்கியமான நேரம் மாலை. அமாவாசை இருட்டில் விளக்கேற்றி லட்சுமி பூஜை செய்வார்கள். தமிழ்நாட்டில் அது நரக சதுர்த்தசி விடியற்காலை. எண்ணெய்க் குளியல் முடிந்து, ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டு, முதல் வெடியைக் கொளுத்தும்போது வெளியே இருட்டாகத்தான் இருக்கும். எட்டு மணிக்குள் பாதித் தீபாவளி முடிந்துவிடும். அப்புறம் டிவி, பட்டிமன்றம், தூக்கம்.

இந்த வித்தியாசம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2018 அக்டோபரில், தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரைதான் பட்டாசு வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்க ஊரில் தீபாவளி காலையில்தான் என்று தமிழ்நாடு அரசு முறையிட்டது. மொத்தம் ரெண்டு மணி நேரம்தான், ஆனால் எந்த நேரம் என்பதை மாநிலமே முடிவு செய்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் உத்தரவை மாற்றியது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நமக்கு நேரம் வந்தது இப்படித்தான்.

குடும்பக் கணக்குக்கு வருவோம். முக்கியமான சடங்கு விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு நடக்கிறது. அப்படியென்றால் முந்தின நாள் ராத்திரி எந்த வீட்டில் தூங்குகிறீர்களோ, அந்த வீட்டில்தான் உங்கள் தீபாவளி. மத்தியானம் இன்னொரு வீட்டுக்குப் போனால் மிச்சம் இருப்பது முறுக்கும் டிவியும்தான். ஆகவே ‘யார் வீட்ல தீபாவளி?’ என்ற கேள்விக்கு ஒரு வருஷத்துக்கு ஒரு பதில்தான் இருக்க முடியும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தீபாவளி

ஒரே பண்டிகைதானே, எங்கே இருந்தால் என்ன? இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டில் தீபாவளி கொண்டாடுபவர்களாகத்தான் இருப்பார்கள். ஏனென்றால் பெயர்தான் ஒன்று, வீட்டுக்கு வீடு கதை வேறு.

எங்க வீட்டில் காலை டிபன் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். தென் மாவட்டங்களில் நிறைய வீடுகளில் இதுதான். கறிக்கடையில் விடியறதுக்கு முன்னாடியே வரிசை நிற்கும். தீபாவளியும் அமாவாசையும் ஒரே நாளில் வந்தால் மட்டும் ‘கறி உண்டா, இல்லையா’ என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடும். அப்பா காலண்டரைப் பார்ப்பார். பெரியப்பாவுக்கு போன் போகும். கடைசியில் அம்மா சொல்வதுதான் நடக்கும்.

அத்தான் வீட்டில் தீபாவளிக்கு அடுப்பில் கறி ஏறாது. அவங்க நோன்பு எடுக்கும் குடும்பம். கேதார கௌரி விரதம். வேலூர், திருவண்ணாமலை, சென்னைப் பக்கம் பல வீடுகளிலும், இலங்கைத் தமிழர் வீடுகளிலும் இந்த விரதம் உண்டு. ஐப்பசி அமாவாசையில் முடியும். 21 நாள் விரதம் இருப்பவர்களும் உண்டு, கடைசி ஒரு நாள் மட்டும் இருப்பவர்களும் உண்டு. அதிரசம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாம் 21 என்ற கணக்கில் வைத்துப் படைப்பார்கள். பூஜை முடிந்ததும் நோன்புக் கயிற்றைக் கையில் கட்டிக்கொள்வார்கள். எங்க வீட்டில் அதிரசம் செய்ய யாருக்குமே தெரியாது. அக்கா முதல் முறை செய்தபோது அது எண்ணெயிலேயே உதிர்ந்துபோச்சாம்.

ஊருக்கு ஊரும் மாறும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. கண்மாயில் வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல வருஷங்களாக இது அந்த ஊர் வழக்கம். வனத்துறை ஊர்க்காரர்களுக்கு இனிப்பு கொடுப்பதும் உண்டு. வெளியூரிலிருந்து அங்கே தீபாவளிக்குப் போகும் மாப்பிள்ளை சரவெடியைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்!

லேகியமும் அப்படித்தான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் என்று சாமான் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் எங்க ஆச்சி கிண்டிய லேகியம் காரம், பக்கத்து வீட்டு லேகியம் இனிப்பு. நாட்டு மருந்துக் கடையில் பொடி பாக்கெட் வாங்கிக் கிண்டினால் அந்த ருசி வராது என்று வீட்டில் எல்லாரும் சத்தியம் செய்வார்கள்.

வெளியே இருந்து பார்த்தால் சின்னச் சின்ன விஷயங்கள். ஆனால் பிறந்ததிலிருந்து ‘தீபாவளி’ என்றாலே இந்த வாசனை, இந்தக் காரம் என்று பழகியவருக்கு இன்னொரு வீட்டுத் தீபாவளி நல்லாவே இருந்தாலும் அது தீபாவளி மாதிரி இருக்காது. கல்யாணமான பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஆண்களில் பெரும்பாலானவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. அன்றைக்கும் அவர்கள் மாப்பிள்ளை. கேட்டதெல்லாம் கைக்கு வரும்.

அடுப்படியில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். தலை தீபாவளிக்கு வந்த மகளை ‘நீ போய் மாப்பிள்ளையோட உட்காரு’ என்று அம்மா விரட்டுவார். அடுத்த வருஷம் அதே பெண் இன்னொரு வீட்டில் மூணு மணிக்கு எழுந்து வடைக்கு அரைப்பார். மகளுக்கு லீவு, மருமகளுக்கு வேலைநாள்.

சீர் வருது, பொண்ணு வர மாட்டா!

பிறந்த வீட்டுக்கும் பெண்ணுக்கும் உறவே முடிந்துவிடுகிறது என்று அர்த்தமில்லை. தலை தீபாவளிக்குப் பிறகு பொங்கல் சீர் வரும். பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து என்று பிறந்த வீட்டிலிருந்து போகும். தென் மாவட்டங்களில் இதைப் பொங்கல்படி என்பார்கள். அப்பா காலத்துக்குப் பிறகும் அண்ணன் தம்பிகள் கொடுத்துக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அறுபது வயது தங்கைக்கு எழுபது வயது அண்ணன் கரும்புக் கட்டோடு பஸ்ஸில் போவதை இன்றைக்கும் பார்க்கலாம்.

சொத்தில் பங்கு இல்லாத காலத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் இருந்த உரிமை இந்தச் சீர்தான் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் சட்டம் மாறி ரொம்ப நாளாகிவிட்டது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2005-ல் அது நாடு முழுக்க வந்தது. பெற்றோரைப் பராமரிப்பதற்கான 2007-ம் ஆண்டுச் சட்டம், ‘பிள்ளைகள்’ என்று சொல்லும்போது மகனையும் மகளையும் சேர்த்தேதான் சொல்கிறது. ஆக, பெற்றோருக்கு வயதானால் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் மகள் சமம். தீபாவளி அன்றைக்கு மட்டும் அவள் விருந்தாளி.

சைடுல ஒரு விஷயம். பெற்றோர் தாங்களாக விரும்பிக் கொடுக்கும் சீர் வேறு, ‘தலை தீபாவளிக்கு பைக் எங்கே?’ என்று கேட்டு வாங்குவது வேறு. கல்யாணத்தை ஒட்டிக் கேட்பது, அது கல்யாணம் முடிந்த பிறகு கேட்டாலும், 1961-ம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தில் மாட்ட வைக்கும்.

முன்பு ஒரு வீட்டில் நாலைந்து பிள்ளைகள். மகள் போனாலும் மகன்கள், மருமகள்கள், பேரப் பிள்ளைகள் என்று வீடு நிறையும். இப்போது பல வீடுகளில் ஒரே பெண். இல்லையென்றால் எங்க வீடு மாதிரி ரெண்டும் பெண். பழைய விதியை அப்படியே பின்பற்றினால், அந்தப் பெற்றோருக்குத் தலை தீபாவளிதான் பிள்ளைகளோடு கொண்டாடும் கடைசித் தீபாவளி.

டிக்கெட் எடுக்கிற நாள்தான் முடிவெடுக்கிற நாள்

சென்னை, பெங்களூருவில் வேலை பார்க்கும் தம்பதிகளுக்கு இன்னொரு நெருக்கடி. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கு முன்பு 120 நாள். காலை 8 மணிக்குத் திறந்த சில நிமிடங்களில் நெல்லை எக்ஸ்பிரஸும் பாண்டியன் எக்ஸ்பிரஸும் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடும். தவறவிட்டால் ஆம்னி பஸ் கட்டணம், இல்லையென்றால் கிளாம்பாக்கத்தில் சிறப்புப் பேருந்து வரிசை.

‘எந்த ஊருக்கு டிக்கெட்?’ என்ற கேள்வி எல்லா வீட்டிலும் அந்தக் காலை 8 மணிக்குத்தான் வருகிறது. பேசி முடிவெடுக்க நேரம் இல்லை. கை தானாகப் பழைய ஊரையே டைப் செய்துவிடும். பேச வேண்டும் என்றால் அதற்கு முந்தின வாரமே பேசிவிடுவது நல்லது.

தம்பதிகள் என்ன செய்றாங்க?

எனக்குத் தெரிந்த நண்பர்கள், சொந்தக்காரர்கள் வீடுகளில் பார்த்த வரை நாலு வழிகள் இருக்கின்றன. எதுவும் நூறு சதவீதம் சரிவராது.

1. தீபாவளி ஒரு வீடு, பொங்கல் ஒரு வீடு: அடுத்த வருஷம் அப்படியே மாற்றிக்கொள்வது. தீபாவளிக்கு ஒரு நாள்தான். பொங்கலுக்கு மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் என்று தொடர்ந்து மூணு நாள் அரசு விடுமுறை இருப்பதால், பொங்கல் கிடைக்கிற வீடும் ஏமாறுவதில்லை. சிக்கல், ‘முதல் வருஷம் எந்த வீடு?’

2. எல்லாரும் நம்ம ஃப்ளாட்டுக்கு வாங்க: ரெண்டு பக்கப் பெற்றோரையும் நகரத்துக்கு அழைப்பது. ரெண்டு பெட்ரூம் வீட்டில் எட்டுப் பேர். நோன்புச் சட்டி ஒரு அடுப்பில், கறிச் சட்டி இன்னொரு அடுப்பில் வைக்க முடியாது. வேலை முழுக்க ஒரே ஆள் தலையில் விழும் ஆபத்தும் உண்டு. அது யார் என்று சொல்லத் தேவையில்லை.

3. பெண்ணின் பெற்றோரையும் மாப்பிள்ளை வீட்டுக்கே அழைப்பது: கேட்க நல்லா இருக்கும். ஆனால் ‘பொண்ணு குடுத்த வீட்ல போய் ராத்தங்குறதா?’ என்று தயங்கும் அப்பா அம்மாக்கள் இன்னும் அதிகம். எங்க அப்பாவும் அதில் ஒருத்தர்.

4. முந்தின வாரமோ, அடுத்த வாரமோ போவது: டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும். சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். அம்மா மட்டும் டப்பாவில் நமக்காக எடுத்து வைத்த முறுக்கோடு காத்திருப்பார்.

எங்க வீட்ல என்ன நடந்துச்சு?

மறுபடி 2023. பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு அம்மா அக்காவுக்கு வீடியோ கால் போட்டார். அங்கேயும் எல்லாரும் எழுந்து எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அக்காவின் மாமியாரிடம் சொன்னார்: “மதினி, எனக்காக அவ தலையில ஒரு கை எண்ணெய் வச்சு விடுங்க.”

அவங்க அக்காவை மறுபடி உட்கார வைத்து, இது உங்க அம்மாவுக்கு என்று சொல்லி ரெண்டாவது முறை வைத்தார். பக்கத்தில் நின்றிருந்த அக்காவின் ஓரகத்தியும் வந்து தலையைக் குனிந்தாராம். “எங்கம்மாவுக்கும் சேர்த்து வைங்க அத்தை.” கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை.

அன்றைக்கு மத்தியானம் அதிரசப் பாகு கிளறும்போது மாமியார் அக்காவிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். அவருடைய தலை தீபாவளிக்குப் பிறகு, 34 வருஷத்தில் ஒரு தீபாவளிக்குக்கூட அவர் பிறந்த வீட்டுக்குப் போனதில்லை. யாரும் போகக் கூடாது என்று சொல்லவில்லை. நோன்பு இருந்தது, அவர் போனால் நோன்பைச் செய்ய ஆள் இல்லை. அவ்வளவுதான். இப்போது அங்கே போனாலும் எண்ணெய் வைக்க அவருடைய அம்மா இல்லை.

அடுத்த வருஷம், 2024-ல், காலண்டர் கொஞ்சம் உதவி செய்தது. தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அமாவாசை அன்று மத்தியானத்துக்கு மேல் ஆரம்பித்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை இருந்தது. வெள்ளிக்கிழமையும் தமிழ்நாடு அரசு விடுமுறை விட்டது, அதற்குப் பதிலாக நவம்பர் 9 சனிக்கிழமை வேலைநாள். அக்காவின் ஆபீஸ் அரசு ஆபீஸ் இல்லை, அவள் ஒரு நாள் லீவு போட்டாள். “நோன்பை வெள்ளிக்கிழமை வச்சுக்கலாம். நீங்க ரெண்டு பேரும் வியாழக்கிழமை காலைல அங்க இருங்க. ராத்திரி பஸ் ஏறுங்க” என்று சொன்னது அத்தானோ அக்காவோ இல்லை, மாமியார்தான்.

காலண்டர் எல்லா வருஷமும் இப்படி உதவாது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்த முறையே பேசி முடித்துவிட்டார்கள். இனிமேல் தீபாவளி ஒரு வீடு, பொங்கல் ஒரு வீடு, வருஷம் மாறினால் வீடும் மாறும். அக்கா இல்லாத வருஷம் நோன்பு வேலையில் ஓரகத்திக்கு உதவி அத்தானும் அவர் அண்ணனும். அதிரசத்துக்கு மாவு சலிக்க ரெண்டு பேரும் யூடியூப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தகவல். ஓரகத்தி அவருடைய அம்மா வீட்டுக்குப் போகும் வருஷம், இவங்க அங்கே.

அந்த வியாழக்கிழமை விடியற்காலை அம்மா மூணு பலகை போட்டார். அக்காவுக்கு எண்ணெய் வைத்து முடித்து, அத்தான் பக்கம் திரும்பும்போது போன் அடித்தது. குடியாத்தத்திலிருந்து வீடியோ கால்.

“மதினி, எனக்காக என் பையன் தலையில ஒரு கை வச்சு விடுங்க.”

அம்மா ரெண்டு கை வைத்தார். எண்ணெய் கண்ணில் இறங்கி, அத்தான் கத்தினார்.